நினைவிலிருந்து வரையும் ஊர்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரையும் மறதி நோயின் தொடக்க நிலையில் இருப்போரையும் படம் வரையுமாறு நாங்கள் ஊக்குவிப்பதுண்டு. அப்போது குடும்பத்தார் பலரும் கேட்பது ஒன்றே: "உள்ளதை உள்ளபடி வரையவில்லையே, திருத்தலாமா?" திருத்த வேண்டாம் என்பதே எங்கள் விடை. அதன் காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

கண்டதையும் காணாததையும் கலந்து வரைவது நம் பகுதிக்குப் புதிதன்று. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுச் சுவர்களில் தொங்கிய சிவகாசி நாட்காட்டிகளை எண்ணிப் பாருங்கள். தெய்வத்தின் பின்னே பனிமலையும் அயல்நாட்டு ஏரியும் தோன்றும். அக்கலையின் முன்னோடியான கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976), நாடகக் குழுவுக்குப் பின்திரைகள் தீட்டியவர். மேடையின் கற்பனை நிலப்பரப்பு நாட்காட்டிக்கும் வந்தது. அதை எவரும் பிழை என்றதில்லை.

மூளையும் இவ்வாறே செயற்படுகிறது. நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த புகைப்படம் அன்று. நினைக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டியெழுப்புகிறது. இப்பணியில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அப்பகுதி பழுதுற்ற நோயாளர்களை லண்டன் ஆய்வாளர்கள் 2007இல் ஆராய்ந்தனர். பழைய நிகழ்வுகளை நினைவுகூர இயலாத அவர்களுள் பெரும்பாலோர், ஒரு கடற்கரையைப் புதிதாகக் கற்பனை செய்யவும் இடர்ப்பட்டனர். நினைவும் கற்பனையும் ஒரே பட்டறையில் உருவாகின்றன என்பதை இது காட்டுகிறது.

இத்தாலியின் பொன்டிட்டோ என்னும் மலைக்கிராமத்தில் பிறந்த ஃபிராங்கோ மக்னானி, 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியேறினார். கடுங்காய்ச்சல் ஒன்றின்போது தம் ஊர் கனவில் தோன்ற, அதனை வரையத் தொடங்கினார். 1988இல் அவருடைய ஓவியங்கள், அதே இடங்களின் புகைப்படங்களுக்கு அருகே காட்சிக்கு வைக்கப்பட்டன. கல்லும் படிக்கட்டும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. எனினும், ஓவியங்களில் மனிதர் அநேகமாக இல்லை. அவர் வரைந்தது நிலப்படம் அன்று. இளமையில் அவர் மனத்தில் பதிந்த ஊர்.

ஆகவே, ஆண்டாள் கோயில் கோபுரத்தின் அருகே கடலை வரைந்தாலும் மறுக்காதீர்கள். "இந்தத் தெரு எங்கே போகிறது?" என்று கேளுங்கள். சொல் தேடித் தவிப்பவரும் படத்தைச் சுட்டிப் பேசத் தொடங்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

• டர்பென்டைன் கலக்கும் வண்ணங்களைத் தவிர்த்து நீர்வண்ணம் பயன்படுத்துக. ஆஸ்துமா உள்ளவர்க்கு இது மிக முக்கியம். தூரிகையை வாயில் வைக்கலாகாது.

• பிடி தளர்ந்திருந்தால் தூரிகையின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குக. எக்கையால் வரைவது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிக.

• களைப்புத் தோன்றியதும் நிறுத்துக. ஓவியம் மருந்துக்கோ உடற்பயிற்சிக்கோ மாற்று அன்று.

திருத்த வேண்டாம் என்றோம். ஆனால் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். வலப்பாதியை மட்டும் வரைந்து இடப்பாதியை வெறுமையாக விடுவது கற்பனை அன்று. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்க்கு இடப்பக்கமே கருத்தில் படாமற்போகலாம். அவர் தட்டின் இடப்பக்கச் சோற்றையும் விட்டுவிடுவார். சாலையில் இடப்புறம் வரும் வண்டியையும் காணாமற்போவார். இக்குறை முன்பே இருந்தால் அடுத்த சந்திப்பில் தெரிவியுங்கள். திடீரெனத் தோன்றினாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினாலோ காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

மறுபரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் படங்களையும் தேதியிட்டுக் கொண்டு வாருங்கள். முந்தைய மாதப் படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது எங்களுக்குப் பெரிதும் உதவும்.