பழஞ் சில்லுகளும் அவற்றின் எழுத்தும்

நம்மவர் வழக்கிற் சில்லு என்பது வண்டிச் சக்கரத்தைக் குறிக்கும். ஈண்டுக் கூறப்புகுவதோ கணினியினுள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லு. அவற்றுட் சிலவற்றில் எழுத்து உறைகின்றது. அவ்வெழுத்து அழியுந் தன்மையது. அழியுமுன் அதனைப் பெயர்த்துக் காக்கும் வகையைச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

1971ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்திற் பணிபுரிந்த டொவ் புரோமன் என்பார் ஈப்ரொம் என்னும் நினைவகச் சில்லை ஆக்கினார். 1702 என்னும் எண்ணுடைய அச்சில்லு 256 பைற்றுகளையே கொண்டது. மின்சாரம் நின்றாலும் ஈப்ரொம் தன்னுட் பதிந்ததை மறவாது. நாற்புறமும் காப்பிடப்பட்ட நுண்ணிய வாயில்களிற் சிறைப்பட்ட மின்னேற்றமே அதன் எழுத்தாகும். முதுகிலுள்ள சிறு குவாட்சுச் சாளரம் அதற்கு அடையாளம். அதன் வழியே புறஊதாக் கதிரைப் பாய்ச்சின் இருபது நிமிட அளவில் எழுத்து முழுதும் அழியும். பின்னர்ப் புதிதாக எழுதலாம்.

எழுதுவோர்க்கு உதவும் இச்சாளரமே காப்போர்க்குப் பகையாம். நேர்வெயில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், குழல்விளக்கொளி ஏறக்குறைய மூன்றாண்டிலும் எழுத்தை அழிக்கக்கூடும் என்பது உற்பத்தியாளர் கூற்று. ஆதலின், சாளரத்தின்மேல் ஒட்டியுள்ள தாளை அழுக்கென்று உரித்தெறிதல் கூடாது. அதுவே காவல், அதில் எழுதிய பெயரே பலகாலும் உள்ளிருப்பதை உணர்த்தும் ஒரே சான்று. தாள் உதிர்ந்திருப்பின் ஒளி புகாத நாடாவை ஒட்டுக.

இனி, இனங்காணும் முறை. 2764 என்பதில் 64 என்பது கிலோபிற்றுகளின் தொகை. அதனை எட்டால் வகுக்க 8 கிலோபைற்று ஆகும். அருகில் 8432 எனக் காணப்படின் அது பெரும்பாலும் 1984ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது என்னுங் குறிப்பு. எனினும் எண் மாத்திரம் போதாது. ஆக்கியோர் பெயரும் அறிதல் வேண்டும். இன்ரெலின் 2716 வாசிப்பதற்கு ஐந்து வோல்ற்று ஒன்றே போதும். டெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ரி.எம்.எஸ். 2716 மூவகை மின்னழுத்தம் வேண்டுவது. ஒன்றை மற்றொன்றென மயங்கிக் கருவியிற் செருகினால் சில்லுக்கே கேடு நேரலாம்.

கழற்றுமுன் சில்லு இருந்த இடத்தையும், அதன் விளிம்பிலுள்ள பள்ளம் நோக்கும் திசையையும் படம்பிடித்துக் கொள்க. வாசிப்புக் கருவியில் இருமுறையேனும் வாசித்து, ஏடு பெயர்த்தெழுதுவோர் பிரதிகளை ஒப்புநோக்குதல்போல, இரண்டையும் ஒப்பிடுக. வேறுபடின், கால்களிற் கறை படிந்திருக்கலாம். அன்றி மின்னேற்றம் தளர்ந்திருக்கலாம். எல்லா இடத்தும் ஒன்று என்னும் இலக்கமே வரின், எழுத்து அழிந்திருத்தல் கூடும். பிழையற்ற பிரதியைச் சில்லின் விவரங்களோடு ஈரிடத்திலேனும் சேமித்தல் நன்று.

ஒரு பழைய இயந்திரத்தை இயக்கும் ஆணைகள் சிலவேளை ஒரேயொரு சில்லில் மாத்திரம் எஞ்சியிருக்கும். அது வெறுமையானால் இயந்திரம் வெறும் இரும்பே. மூடிவைப்பினும் மின்னேற்றம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின், பழைய மாணவர்களே, வீட்டு மூலையிற் கிடக்கும் பழங் கணினிப் பலகையை எறியுமுன், அதன் முதுகிற் சாளரமுடைய சில்லு உண்டோ என ஒருகாற் பாருங்கள். உண்டாயின், இன்று பயிலும் இளைஞர் கையில் அதனை ஒப்படையுங்கள்.