நேப்பிள்ஸ் மேற்குக் கரையின் எரிமலைப் பாறைகள்: நிலமும் மாந்தரும்

பாறையின் வரலாறு புவிச்சரிதவியலாளருக்கு உரியது, மனிதனின் வரலாறு சமூகவியலாளருக்கு உரியது என்னும் பிரிவினை எமது கல்விமரபில் வேரூன்றியுள்ளது. இப்பிரிவினை எத்துணைக் குறைபாடுடையது என்பதை இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரை உணர்த்துகின்றது. அந்நகரின் கிழக்கே வெசூவியஸ் மலை நிற்கின்றது. மேற்கே காம்பி பிளெக்ரேயி எனும் எரிமலைப் பிரதேசம் உள்ளது. உயர்ந்த மலையாகவன்றி, ஒரு பகுதி கடலுள் அமிழ்ந்த அகன்ற பள்ளமாக அது காணப்படுகின்றது. இம்மேற்குப் பகுதியையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

இப்பிரதேசத்தின் எரிமலைப் படைகளுள் இரண்டு முதன்மையானவை. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த பெருவெடிப்பின் சாம்பலும் நுரைக்கல்லும் கம்பானியச் சமவெளியெங்கும் படிந்தன. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த மற்றொரு பெருவெடிப்பு மஞ்சட் சாம்பற்பாறையைத் தந்தது. சாம்பலிலிருந்த கண்ணாடித் துகள்கள் நீருடன் தாக்கமுற்று, சியோலைற்று எனும் கனியங்களாக மாறி, ஒன்றோடொன்று பிணைந்தமையால் அது பாறையாக இறுகியது. அப்பாறை வெட்டுவதற்கு எளியது; பாரம் குறைந்தது; சுவரைத் தாங்கும் வலிமையுடையது. கிரேக்கக் குடியேற்றக் காலந்தொட்டு நேப்பிள்ஸ் மக்கள் அதனை அகழ்ந்தே தம் நகரை எழுப்பினர். அவ்வாறு நிலத்தடியில் உண்டான குகைகள் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய மக்களுக்குப் புகலிடமாயின.

பொத்சுவோலி நகரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தால் நீரினுள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும். கி.மு. முதலாம் நூற்றாண்டினரான விற்றுறூவியஸ் இதனை விவரித்துள்ளார். உரோமரின் துறைமுகக் கட்டடங்கள் இச்சாந்தினால் எழுந்தன. நிலமும் உழைப்பும் இணைந்து உற்பத்திச் சக்தியாகும் முறைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

ஆயின் இந்நிலம் அசையும் இயல்பினது. பொத்சுவோலியில் உரோமர் காலச் சந்தையொன்றின் மூன்று சலவைக்கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் இடைப்பகுதியைக் கடற்சிப்பிகள் துளைத்துள்ளன. தூண்கள் சாயாமலே நிலம் கடலுள் தாழ்ந்து மீண்டும் உயர்ந்தமைக்கு அத்துளைகள் சான்றாகும். சாள்ஸ் லையல் 1830இல் வெளியிட்ட புவிச்சரிதவியல் நூலின் முகப்புப் படம் இத்தூண்களே. 1538இல் நிகழ்ந்த வெடிப்பினால் சில நாள்களுள் ஒரு குன்றே தோன்றியது. மக்கள் அதனைப் புதுமலை என்னும் பொருளில் மொன்தே நுவோவோ என அழைத்தனர். பாறைக்குழம்பின் ஊடுருவலும், சூடேறிய நீரும் வாயுக்களும் விளைவிக்கும் அமுக்கமும் நில உயர்வுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொருமை இல்லை.

நிலம் உயர்ந்து வந்த 1970 மார்ச்சில், ரியோனே தெர்ரா என்னும் பழங்குன்றுக் குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அங்கு நெருங்கி வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் வறியோர். அவர்கள் தம் வீடுகளுக்கு மீளவில்லை. பிற்காலத்தில் அக்குன்று புதுப்பிக்கப்பட்டு, அதன் அடியிலுள்ள உரோமத் தெருக்கள் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டன. 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர்ந்தது. அப்போது ஏறத்தாழ 40,000 பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலருக்காக மொன்தே றுசெல்லோ என்னும் புதிய குடியிருப்பு நகரின் புறத்தே அமைக்கப்பட்டது. 2005 முதல் நிலம் மீண்டும் உயர்ந்து வருகின்றது. பேரிடர் வலயமென வரையறுக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர்.

நிலம் எப்பொழுது, எவ்வளவு உயரும் என்பது இயற்கை விதிகளின்பாற்பட்டது. யார் பிளவுண்ட சுவர்களுக்குள் வாழ நேர்கின்றது, யார் முதலில் வெளியேற்றப்படுகின்றனர், வெற்றிடமான நிலம் பின்னர் யார் பயனுக்கு ஆகின்றது என்பன சமூக உறவுகளின்பாற்பட்டவை. ரியோனே தெர்ராவின் மக்களை அகற்றியதற்கு நிலத்தின் அசைவு காரணமாயிற்று. அவர்கள் மீளாமைக்கு அதனை மட்டும் காரணமாகக் காட்டல் இயலாது. ஆகவே இந்நிலத்தின் பாறைப் படைகளைக் கற்போர், அவற்றின்மேல் வாழ்ந்த மக்களின் வரலாற்றையும் மற்றொரு படையாகக் கொண்டு கற்றல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.