பிரசவ வார்டும் கடற்சங்கும்

கொடைக்கானல் மலையடிவாரத்தில், கடற்காற்று எட்டாத வத்தலக்குண்டில், வலி எடுக்காமல் தவிக்கும் கர்ப்பிணிக்கு டிரிப்ஸில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் ஆக்ஸிடோசினுக்கும், வெப்பக் கடல்களின் பவளப்பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்து மீனை விஷமுள்ளால் குத்தி விழுங்கும் கூம்புச் சங்குக்கும் பந்துத்வம் உண்டென்றால் நம்புவது சிரமந்தான்.

ஆக்ஸிடோசின் என்பது ஒன்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சின்னஞ்சிறு சரம். முதல் மணியும் ஆறாவது மணியும் கந்தகப் பிணைப்பால் கூடி வளையமாக நிற்கும். 1987-ல் பால்டொமெரோ ஒலிவெராவின் குழுவினர் கூம்புச் சங்கின் விஷத்தைப் பகுத்தபோது கிடைத்த கோனோபிரஸினிலும் அதே ஒன்பது மணிகள், அதே வளையம். இரண்டாம், நான்காம், எட்டாம் ஸ்தானங்களைத் தவிர மற்றவையெல்லாம் அட்சரம் பிசகாத ஒற்றுமை.

இதைவிட விசித்திரம், அந்தக் கோனோபிரஸினே குளத்து நத்தையொன்றின் நரம்பு மண்டலத்தில், விஷமாக அல்ல, ஆண்தன்மைக்குரிய இனப்பெருக்க நடத்தையை ஆளும் தூதாக இருப்பது. கொடிக்காலைக் கொத்தினால் நெளியும் மண்புழுவின் குலத்திலும் இதன் தாயாதி மூலக்கூறு ஒன்று முட்டையிடத் தூண்டுகிறது. முதுகெலும்புள்ளவையும் இல்லாதவையும் பிரியுமுன்னரே, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், கடலில் வாழ்ந்த பொது மூதாதையிடம் இச்சரம் இருந்திருக்க வேண்டும் என்பதே நியாயமான அனுமானம். பின்னர் நம் பரம்பரையில் அந்த மரபணு இரட்டித்து, ஒன்று பிரசவத்துக்கும் பால்சுரப்புக்கும், மற்றொன்று வாஸோபிரஸினாகிச் சிறுநீரகத்தில் நீரைக் காப்பதற்கும் என்று பாகம் பிரித்துக்கொண்டன. ஆக்டோபஸ் நம்மைக் கேளாமலே தனியாக அதே இரட்டிப்பைச் செய்துகொண்டது!

தமிழகக் கரையில் கிடைத்த கூம்புச் சங்குகளின் விஷத்தைக் கே.எஸ். கிருஷ்ணன், பி. பலராம் முதலிய விஞ்ஞானிகள் பெங்களூரில் வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். அந்நிய நாட்டிலோ, இவ்வகைச் சங்கின் வேறொரு விஷப்பொருளிலிருந்து உருவான ஸிகோனோடைடு என்னும் வலிநிவாரணி 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து கிடைத்ததென்று மகிழ்பவர்கள் மகிழட்டும். எனக்கென்னவோ அந்த ஒன்பது மணிச் சரத்தின் வம்சாவளியே மேலாகத் தோன்றுகிறது.

ஆனால் கடற்பிராணிகள் யாவற்றின் நரம்புகளும் ஒரே பாஷை பேசுகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. 2014-ல் லியோனிட் மோரோஸ் குழுவினர் சீப்பு ஜெல்லியின் மரபுத்தொகுதியை வாசித்தபோது, நம் மூளைக்கு இன்றியமையாத ஸெரடோனின், டோபமின் முதலியவற்றை அங்கே காணவில்லை. ஆகவே நரம்பு என்பது பூமியில் ஒருமுறைதான் தோன்றியதா, இருமுறை தோன்றியதா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.