வீடு தேடி வரும் ஆங்கிலம்

கிராமத்திற்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தின் வழியாக மட்டும் வருவதில்லை. உர மூட்டையின் மேல் வருகிறது. விதைப் பையில் தைத்த அட்டையில் வருகிறது. பூச்சிமருந்துப் புட்டியிலும், மாத்திரை அட்டையின் பின்புறத்திலும், பாங்கியின் கடன் பத்திரத்திலும், ஊராட்சி வேலைகளின் எஸ்டிமேட்டிலும் வருகிறது. இவற்றை நாள்தோறும் கையாளும் விவசாயிகளிலும் ஊராட்சி உறுப்பினர்களிலும் பெரும்பாலோர் சில வகுப்புகள் வரையிலாவது ஆங்கிலம் கற்றவர்களே. எழுத்துக் கூட்டி வாசிக்க அவர்கள் அறிவர். ஆயினும், வாசித்ததன் பொருள் மனத்தில் பதிவதில்லை. வாசித்தல் வேறு, பொருளுணர்தல் வேறு. இந்த இரண்டிற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதற்கு உரிய வழி யாது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைக் கூறிவிடல் வேண்டும். உழவர் கையில் சேரும் பொருளின் மீது தமிழ் இருத்தல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1956-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆங்கிலம் அறிதல் தமிழைக் கேட்டுப் பெறும் உரிமைக்கு மாற்று ஆகாது. ஆனால், தமிழில் அச்சிட்ட பகுதி கண்ணுக்குப் புலப்படாத சிற்றெழுத்தாய் இருப்பதும், மருந்தின் மூலப் பெயர், அளவு, கெடு முதலியன ஆங்கிலத்தில் மட்டும் தெளிவாய் இருப்பதும் கடைக்குச் செல்வோர் அனைவரும் கண்டதே. தமிழ் கேட்டுப் பெறும் நாள் வரையில் பயிர் காத்திராது.

பூச்சிமருந்தையே எடுத்துக்கொள்வோம். அதனை நாம் 'மருந்து' என்று அழைக்கிறோம். புட்டியோ தன்னை நஞ்சு என்று அழைத்துக்கொள்கிறது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு புட்டியிலும், முனை கீழாக நிற்கும் ஒரு சதுரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். கீழ் முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிக மிகக் கொடியது, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. மேல் முக்கோணத்தில் சிவப்புக்கு மண்டையோட்டுடன் 'பாய்சன்' என்ற சொல்லும், மஞ்சளுக்கு 'பாய்சன்' என்ற சொல்லும், நீலத்திற்கு 'டேஞ்சர்' என்பதும், பச்சைக்கு 'காஷன்' என்பதும் இருக்கும். நஞ்சு, அபாயம், எச்சரிக்கை என்று இவற்றுக்குப் பொருள். நான்கு நிறங்களும் மூன்று சொற்களும் அறிந்தால் பாதி எச்சரிக்கை கிடைத்துவிட்டது. 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் தொழிலாளருமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் படிப்பின் மேல் ஏற்றுவது நேர்மையன்று. எனினும், கையில் இருப்பது எத்தன்மையது என்பதைத் தெளிப்பவர் அறிந்திருத்தல் முதற் பாதுகாப்பு அன்றோ?

நிறத்தைப் பலர் அறிவர். துண்டுத்தாளில் உள்ள பட்டியலை அறிந்தவர் சிலரே. அதில் பயிரின் பெயர், பூச்சியின் பெயர் ஆகியவற்றை அடுத்து 'டோசேஜ் பெர் ஹெக்டேர்' என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழ் 'ஏ.ஐ.' என்று ஒரு பத்தி. அது புட்டியில் கலந்துள்ள மூல நஞ்சின் எடை. அடுத்து 'பார்முலேஷன்' என்று ஒரு பத்தி. புட்டியிலிருந்து நாம் அளந்து எடுக்க வேண்டியது இதுவே. அதற்கடுத்தது கலக்க வேண்டிய தண்ணீர். கடைசியில் 'வெயிட்டிங் பீரியட்'. அதாவது, கடைசியாகத் தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே கழிய வேண்டிய நாட்கள். கத்தரியும் வெண்டையும் பறித்து மறுநாளே சந்தைக்கு அனுப்புவோர் இப்பத்தியை அவசியம் பார்த்தல் வேண்டும். அதை உண்பவர்களில் நம் வீட்டுக் குழந்தைகளும் உண்டு.

இப்பட்டியலில் மிகச் சிறிய சொல் 'பெர்' என்பது. அதன் பொருள் 'ஒன்றுக்கு'. ஹெக்டேர் ஒன்றுக்கு என்று அங்கே எழுதியிருக்க, நம்மவர் மனத்தில் இருப்பதோ ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். கணக்கிற்காக, ஹெக்டேருக்கு 1,000 மில்லி மருந்தும் 500 லிட்டர் தண்ணீரும் என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். ஏக்கருக்கு 400 மில்லி மருந்து, 200 லிட்டர் தண்ணீர் ஆகிறது. 10 லிட்டர் தெளிப்பானுக்கு 20 மில்லி போதும். ஹெக்டேர் என்பதை ஏக்கர் என்று கொண்டு அதே 200 லிட்டர் தண்ணீரில் கலப்பவர் 50 மில்லி ஊற்றுகிறார். பணமும் விரயம், பயிருக்கும் கேடு, மூக்கின் வழியாகவும் தோலின் வழியாகவும் உட்புகும் நஞ்சும் இரண்டரை மடங்கு. ஒரு சொல்லைத் தாண்டிப் படித்ததன் விலை இது.

இத்தகைய சிறு சொற்கள் ஆங்கிலத்தில் சில உண்டு. பெரிய சொற்களுக்கு அஞ்சுகிறவர்கள் இவற்றைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். அவற்றுள் முதன்மையானது 'நாட்'. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். 'காற்று வீசும் திசைக்கு எதிராகத் தெளிக்காதீர்கள்' என்னும்போது, கடைசி எழுத்துக்கள் வரும் வரையில் இது ஏவலா, தடையா என்பது தெரியாது. ஆகவே நாம் முடிவை நோக்கியே படித்துப் பழகியவர்கள். ஆங்கிலத்திலோ 'டூ நாட்' என்ற தடை முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழ்ப் பழக்கத்தில் தெளிதல், காற்று என்ற பிற்பகுதிச் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கில வாக்கியத்தின் முதல் மூன்று சொற்களை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது என்னும் வழக்கத்தைத் தமிழர் அனைவரும் கைக்கொள்வது நன்று. 'வித்தின்' என்றால் அதற்குள். 'ஒன்லி' என்றால் அது மட்டும். 'அன்லெஸ்' என்றால் அவ்வாறு இல்லாவிடில். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நெடுநாள் பயன்படும்.

இனி, பொருளுணரும் ஆற்றல் எவ்வாறு வளர்கிறது என்பதைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பள்ளி மாணவர் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், வாசிப்பில் சிறந்தும் ஆட்டம் அறியாத மாணவர்களைக் காட்டிலும் படித்ததை நன்றாகப் புரிந்து நினைவிற் கொண்டிருந்தனர். சடுகுடு ஆட்டத்தை அறியாத பண்டிதருக்கு அதன் வருணனை விளங்காது. களத்தில் ஆடியவனுக்குப் பாதிச் சொல் போதும். இது உழவருக்கு மிகுந்த ஊக்கம் தரும் செய்தி. நெல், உரம், பூச்சி, மழை ஆகியவை குறித்த ஆங்கிலத்தில், விஷயத்தின் பாதி அவருக்கு முன்பே தெரியும். பட்டப்படிப்பு முடித்த நகரவாசி ஒருவருக்குத் துண்டுத்தாளின் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருக்கலாம். தண்டுத் துளைப்பான் தாக்கிய நாற்றின் நடுக்குருத்து எவ்வாறு காய்ந்து நிற்கும் என்பது தெரியாது.

ஆனால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்னும் இருவர் செய்த ஆய்வின்படி, பிறர் உதவியின்றி ஒரு பகுதியைப் படித்துணர, அதிலுள்ள நூறு சொற்களில் ஏறத்தாழ 98 தெரிந்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஆங்கிலச் செய்தித்தாளைக் கையில் கொடுப்பது பயனற்றது என்பதற்கு இதுவே காரணம். வங்காளத்து டாக்காவில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இதனை 1920-களிலேயே வற்புறுத்தினார். இந்திய மாணவனுக்கு முதலில் வேண்டுவது பேச்சன்று, படித்தறியும் திறனே என்பதும், புதுச் சொற்களைச் சிறிது சிறிதாகவே புகுத்த வேண்டும் என்பதும் அவர் கொள்கை. பின்னர் 1953-இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் அடங்கும். பேச்சைப் பற்றி அவர் கூறியதை இன்று அனைவரும் ஏற்பதில்லை. எனினும், நம் கிராமத்துப் பெரியவர்களின் தேவைக்கு அவர் வழியே பொருந்துவதாகக் கருதுகிறோம்.

ஒரே விஷயத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 'அப்ளை' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். உர மூட்டையில் அது இடுதல், களிம்புக் குழாயில் பூசுதல், பாங்கியில் விண்ணப்பித்தல். மூன்று இடங்களிலும் சந்தித்தவருக்கே அச்சொல் சொந்தமாகிறது. பாங்கியில் 'இன்ட்ரஸ்ட்' வட்டி. வேறிடத்தில் அது ஈடுபாடு. பூச்சிமருந்துத் தாளில் கண்ட 'வித்தின்' பயிர்க் காப்பீட்டுத் தாளிலும் வருகிறது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற வட்டார இடர்களால் விளையும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 'வித்தின்' என்பதை 'பின்' என்று கொண்டு மூன்று நாள் காத்திருந்தவரின் மனு என்ன ஆகும்?

விதை அட்டையும் நல்ல பாடம். நீல அட்டை சான்று விதைக்கு, வெள்ளை அட்டை ஆதார விதைக்கு என்பது பலரும் அறிந்ததே. அதில் 'ஜெர்மினேஷன்' என்பது முளைப்புத் திறன். சான்று பெற்ற நெல் விதைக்கு அது 80 சதவீதத்திற்குக் குறைதல் கூடாது. 'ப்யூரிட்டி' என்பது புறத்தூய்மை. நெல்லுக்கு 98 சதவீதம். 'டேட் ஆப் டெஸ்ட்' பரிசோதித்த நாள். 'வேலிட் அப் டு' கெடு முடியும் நாள். முதற் பரிசோதனைக்குப்பின் கெடு ஒன்பது மாதம். உர மூட்டையில் எண்களே பேசுகின்றன. 17:17:17 என்றால் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் நூற்றுக்குப் பதினேழு வீதம். 50 கிலோ மூட்டையில் ஒவ்வொன்றும் எட்டரைக் கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்.

மூலப் பெயரைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். எண்டோசல்பான் என்னும் நஞ்சுக்கு 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அது அதுவரை பற்பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டு வந்த சரக்கு. அட்டையின் பெரிய எழுத்தை மட்டும் படிப்பவர், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய புட்டி அதுதானா என்பதை எவ்வாறு அறிவார்?

பயிற்சிக்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அங்கோ, பள்ளியிலோ வாரம் ஒரு மாலை ஐந்தாறு பேர் கூடினால் போதும். புதிய புட்டியுடன் வந்த துண்டுத்தாளை மட்டும் கொண்டு வருக, புட்டியை அன்று. பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஒலிப்பு வரும், பொருள் வராது. தந்தைக்கு விஷயம் தெரியும், எழுத்து ஓடாது. மகன் வாசிக்க, தந்தை 'இது இன்னதைத்தான் சொல்ல வேண்டும்' என்று ஊகித்துக் கூற, பின்னர் அத்தாளின் தமிழ்ப் பகுதியில் சரிபார்க்க வேண்டும். ஊகம் தவறானால் எந்தச் சொல்லில் தவறியது என்று தேடுக. அன்றைய பாடம் அந்த ஒரு சொல்லே. படிக்கத் தொடங்குமுன் ஒரு கேள்வி போட்டுக்கொள்வது மிகவும் உதவும். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு, எதைச் செய்யக் கூடாது என்ற கேள்வியுடன் படிப்பவர் விடையைத் தேடிப் படிப்பார். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது வேண்டாத உழைப்பு. ஒரு வாரம் உரம், மறுவாரம் மாத்திரை அட்டை, அதற்கு மறுவாரம் வானிலை அறிக்கை என்று மாற்றி மாற்றிப் படித்தல் வேண்டும். வானிலை அறிக்கையில் 'ஐசொலேட்டட்' என்றால் ஓரிரு இடங்களில். 'ஸ்கேட்டர்ட்' என்றால் சில இடங்களில். 'ஒய்ட்ஸ்பிரெட்' என்றால் ஏறக்குறைய எல்லா இடங்களிலும். 'ஹெவி' மழை என்பது வெறும் அச்சுறுத்தலன்று. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை என்று அதற்கு அளவு உண்டு.

ஊராட்சி உறுப்பினர்கள் இவற்றுடன் எஸ்டிமேட்டையும் ஒரு பாடமாகக் கொள்ளல் வேண்டும். பார்வைக்கு மிரட்டும் அத்தாளில் உண்மையில் வரும் சொற்கள் மிகச் சிலவே. 'குவான்டிடி' அளவு, 'ரேட்' விலை வீதம், 'திக்னெஸ்' கனம், சி, யூ, எம் என்ற மூன்று எழுத்துக்கள் கன மீட்டர். 1:2:4 என்பது ஊர்க் கொத்தனாரும் அறிந்த கலவை. சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று சிமெண்டுச் சாலைக்குப் போட்டிருந்தால் 45 கன மீட்டர் ஆகும். போட்ட சாலை 10 சென்டிமீட்டர் கனமே இருக்குமாயின் இறங்கியது 30 கன மீட்டர்தான். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கூடுவதற்கு முந்திய வாரம் நூலகத்தில் படிக்க வேண்டிய தாள் அந்த எஸ்டிமேட்டே. அளவு நாடா ஒன்றையும் உடன் எடுத்து வைத்துக்கொள்க.