காயம்பட்டோரைக் கடல் சுமந்துவந்த ஊர்

அவசர மருத்துவ சேவை திருகோணமலையை வந்தடைந்த கதை

2009 பெப்ரவரி 10. முல்லைத்தீவின் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களும் நோயாளிகளுமாக சுமார் 240 பேரைக் கடல்வழியே திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது சர்வதேச செஞ்சிலுவைக் குழு. போரில் தரைவழி அடைபட்டுப்போன அந்த நாட்களில் வன்னிக்குக் கப்பல்தான் அம்புலன்ஸ். மே 9 வரை, காயக்காரரும் கூட வந்த உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேர் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். மார்ச் நடுவில் இதே மாவட்டத்தின் புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு ஓர் ஆஸ்பத்திரியையே அமைத்தது.

போரும் காயம்பட்டோரும் இந்தத் துறைமுகத்துக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. முதல்நாள் இரவே இங்கிருந்து விலகிப்போன ஹேர்மஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நீரில் தத்தளித்தவர்களில் சுமார் 600 பேரைத் தூக்கியெடுத்தது வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல்.

போர்க்களத்தில் பிறந்தது

அவசர மருத்துவம் பிறந்ததும் போர்க்களத்தில்தான். அதுவரை சண்டை ஓயும்வரை காயக்காரர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 1792இல் பிரெஞ்சுப் படை வைத்தியர் டொமினிக் லாரே, சண்டை நடக்கும்போதே அவர்களை அள்ளிவர விரைவான குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தார். பதவி பார்க்காமல், காயத்தின் கடுமை பார்த்து சிகிச்சை தரும் முறையும் அவர் வகுத்ததே. அடுத்த பெரிய மாற்றத்துக்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிஜ், கார் பற்றரியில் இயங்கும் இதய அதிர்வுக் கருவியை அம்புலன்ஸில் ஏற்றினார். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை சிகிச்சை காத்திருக்கத் தேவையில்லை என்றானது.

ஐதராபாத்திலிருந்து 1990

2005 ஓகஸ்டில் ஐதராபாத்தில் தொடங்கிய 108 அம்புலன்ஸ் சேவை 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதே மாதிரியில், இந்திய நன்கொடையான 88 வண்டிகளுடன் 2016 ஜூலையில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை ஓடத் தொடங்கியது. 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் அதன் வடக்குச் சேவை தொடங்கியது. பிறகு கிழக்கும் சேர, வண்டிகள் 297 ஆகின. ஒரு சாரதி, பயிற்சி பெற்ற ஓர் அவசர மருத்துவ உதவியாளர், ஒட்சிசன், முதலுதவிக் கருவிகள். கட்டணம் ஒரு சதமும் இல்லை. அதுவரை ஆட்டோக்காரரும் பக்கத்து வீட்டு வான்காரரும் சுமந்த பொறுப்பு இது.

பாலமும் மருந்துதான்

ஆனால் வண்டி ஓட வழி வேண்டுமே! கொட்டியாரக் குடாவும் மகாவலியின் கழிமுகங்களும் இந்த மாவட்டத்தைத் துண்டுபோட்டிருக்கின்றன. முன்பு கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வர இழுவைப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. மூதூர்க்காரருக்கு லோஞ்ச். இரவில் பிரசவ வலி கண்டாலோ பாம்பு தீண்டினாலோ, கடலும் ஆறும் மனம் வைக்க வேண்டியிருந்தது. 2009 ஒக்டோபர் 20 அன்று 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் மூதூர் வீதியிலும் பாலங்கள் எழுந்தன. இந்த ஊரைப் பொறுத்தவரை அவசர சேவையின் முதற்பாதியைக் கட்டியவர்கள் பொறியியலாளர்கள்தான். அந்த வேலை அப்போதும் முடிந்திருக்கவில்லை என்பதை 2021 நவம்பர் 23 காட்டியது. அப்போது பாலம் கட்டி முடியாதிருந்த கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள்.

வண்டி வரும்வரை

மூளைக்கு இரத்தம் போவது நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே சேதம் தொடங்கிவிடும். எவ்வளவு விரைந்தாலும் வண்டி அதற்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பக்கத்தில் நிற்பவர் மட்டுமே. மூச்சும் அசைவும் இல்லாதவரின் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தெரிந்தவர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒருவராவது வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறாமல், உறிஞ்சாமல், கை காலை அசைக்காமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். 1990ஐ அழைத்தால் கோயிலோ பள்ளிவாசலோ சந்தியோ அடையாளம் சொல்லி, சந்திக்கு ஒருவரை அனுப்பி வைக்க வேண்டும்.

கப்பலையும் வண்டியையும் வெளியார் தந்தார்கள். பாலத்தை அரசு கட்டலாம். இந்த முதல் ஐந்து நிமிடத்தை ஊர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பாடசாலைகளும் மீனவர் சங்கங்களும் ஆட்டோத் தரிப்பிடங்களும் அதற்கு நல்ல வகுப்பறைகள்.