முடி நீக்கும் மெஷின் வாங்குறீங்களா? முதலில் காலில் பழகுங்க!

தாடையில் நாலு முடி முளைத்தாலே பெண்களுக்கு வெளியே தலைகாட்ட கூச்சம். பார்லரில் நூல் போட்டு எடுத்தாலும் சில வாரத்தில் திரும்ப வந்து விடுகிறது. இதனால் 'எலக்ட்ரோலிசிஸ்' மெஷினை வீட்டுக்கே வாங்குபவர்கள் உண்டு.

முடிக்குழிக்குள் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் செலுத்தும் முறை இது. மின்சாரம் பட்டதும் அங்குள்ள உப்பும் நீரும் காரமாக மாறி வேரை அழிக்கும். கண்ணை குத்தும் இமை முடியை நீக்க, 1875ல் அமெரிக்க கண் டாக்டர் சார்லஸ் மிச்செல் வெளியிட்ட முறை இதுதான்.

ஊசி இல்லாமல், இடுக்கியால் முடியை பிடிக்கும் மெஷினும் விற்கிறார்கள். அதில் நிரந்தர பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காசு தண்டம்!

ஊசி மெஷின் வாங்கியாச்சா? எடுத்ததும் முகத்தில் கை வைக்காதீங்க. கண்ணாடியை பார்த்து செய்தால் கை தடுமாறும். காலில் பழகுங்க. முடியின் சாய்விலேயே ஊசி தானாக இறங்கணும். வலித்து ரத்தம் வந்தால் இடம் தப்பு. குறைந்த மின்சாரத்தில் தொடங்குங்க. இழுக்காமலே முடி வழுக்கி வந்தால் சரி. ஒரே இடத்தில் அடுத்தடுத்து குத்தினால் புண்ணாகும். நம்ம மாநிறத்துக்கு கருப்பு தழும்பு நின்று விடும். முடி போய் தழும்பு வந்த கதைதான்!

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதை தொடவே கூடாது. மச்சத்தில் குத்தாதீங்க. ஊசியை அடுத்தவருக்கு கொடுக்காதீங்க.

திடீரென முடி அதிகமாகி, மாதவிலக்கும் தள்ளிப் போகிறதா? ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். மெஷின் அப்புறம், முதலில் டாக்டரை பாருங்க.