கெய்ரோவின் பள்ளிவாசல்கள் புகட்டும் பாடம்

பல நூற்றாண்டுகளின் கட்டடக் கலையை ஒரே நகரில் காண விழைவோர் கெய்ரோவைக் காண வேண்டும். இன்று அந்நகரில் அடங்கிய ஃபுஸ்தாத்தில், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கி.பி. 642-இல் எழுப்பிய முதற்பள்ளிக்குப் பேரீச்ச மரத்தண்டுகளே தூண்கள், ஓலையே கூரை. 879-இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளியோ, ஈராக்கின் ஸாமர்ரா பாணியில் அமைந்த செங்கற் படைப்பு. கோட்டைமேல் 1830-இல் முஹம்மது அலி பாஷா தொடங்கிய பள்ளியில் இஸ்தான்பூல் பாணிக் குவிமாடங்களைக் காணலாம்.

அக்கோட்டையின் அடிவாரத்தில், மம்லூக் சுல்தான் ஹஸன் 1356-இல் மாபெரும் கற்பள்ளியைத் தொடங்கினார். அதனுள் அடக்கத்தலமும் அமைத்தார். 1361-இல் அவர் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவே இல்லை. அவ்வடக்கத்தலத்தில் அவர் இல்லை!

தமக்கென எழுப்பியது அவருக்குப் பயன்படவில்லை. அல்லாஹ்வுக்கென எழுப்பியதோ நிலைத்திருக்கிறது. பாணிகள் பல, கிப்லா ஒன்றே. நாம் எழுப்புவன யாருக்காக என்பதைச் சிந்திப்போமாக!